சக்தியைக் கூட்டிய வண்டிக்கு எந்த பிரேக்? ஓர் ஒப்பீடு

என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், தானே கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி, முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்த அந்த எஞ்சின், ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தபின் ஏறத்தாழ 140 குதிரைத்திறன் தருகிறது. சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பிரேக் மட்டும் பழையபடியே இருந்தது. சமவெளியில் ஓட்டிய வரையில் அந்த இடைவெளி எனக்குத் தெரியவில்லை.

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிய ஒரு மாலையில்தான் தெரிந்தது. வண்டியில் நான்கு பேர், பின்னால் நிறையப் பெட்டிகள். குன்னூரைத் தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியதும் லைனிங் கருகும் வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் பாதி தூரத்துக்கு மேல் இறங்கியது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் சிறிது சிறிதாக இழுத்து, பர்லியாறு அருகே ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்து பெடல் எதுவுமே நடக்காததுபோல் பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஏற்பட்ட அச்சம்தான் இந்த ஒப்பீட்டுக்குக் காரணம்.

ஊருக்குத் திரும்பியபின் கேட்டவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பேட் என்னும் உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரை நான்கு பிஸ்டன் கொண்டதாக மாற்றச் சொன்னார் ஒருவர். பின்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் வைக்கச் சொன்னார் மற்றொருவர். நல்ல பேட் போதும் என்றார் மூன்றாமவர். மூவருமே வண்டி தெரிந்தவர்கள். ஆனால் பெடல் அந்தக் கணத்தில் எப்படி இருந்தது என்று மூவருமே கேட்கவில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான விடை, என் பார்வையில், அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் தோற்றது எது?

'பிரேக் பிடிக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. பெடல் கல்போல் உறுதியாக இருந்தும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் குறைய மறுத்தால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோலாகித் தரையை நோக்கி இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆனால் அதில் உருவாகும் ஆவிக் குமிழ்கள் சுருங்கும் என்பதால், காலின் அழுத்தமெல்லாம் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பெடலும் உறுதியாக இருந்து, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பிடிப்பும் இருந்து, நிற்கும் தூரம் மட்டும் நீண்டால், குறை டயரில் இருக்கிறது. காலையில் குளிர்ந்த வண்டியை எடுக்கும்போதே பெடல் மரம்போல் விறைத்திருந்தால், காலின் விசையைப் பெருக்கும் பூஸ்டரையோ அதற்கு வரும் வெற்றிடக் குழாயையோ பார்க்க வேண்டும்.

முதல் இரண்டும் சூடு தணிந்ததும் தாமாகவே சரியாகிவிடுவதால், ஒர்க்ஷாப்பில் வண்டியைக் காட்டும்போது எந்தத் தடயமும் இருக்காது. ஆகவே நிகழ்ந்த கணத்தில் கால் உணர்ந்ததை மறக்காமல் குறித்துவைப்பது, பிறகு வாங்கப்போகும் எந்தப் பொருளைக் காட்டிலும் முக்கியமானது. என் பெடல் இறங்கியது. அப்படியானால் முதலில் தோற்றது ஆயில். சர்வீஸ் சீட்டுகளைத் தேடிப் பார்த்தபோது, அந்த ஆயில் மாற்றப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மலையிறக்கம் கேட்கும் கணக்கு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதைவிட ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. ஆட்களோடும் சுமையோடும் 1,400 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது 26 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதே வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்த 0.54 மெகாஜூல்தான் ஆகிறது. அதாவது ஊட்டியிலிருந்து ஒரு முறை இறங்குவது, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஏறத்தாழ 8 மெகாஜூலை டயர்களின் உருளல் தடையே விழுங்கிவிடும். காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்தப் பங்கு யாருக்கு என்பதை கியர் தீர்மானிக்கிறது. சிறிய டர்போ எஞ்சினில் எஞ்சின் பிரேக்கிங் குறைவு; டிஎஸ்ஜியைத் தானியங்கி நிலையான 'டி'யிலேயே விட்டால் அது எரிபொருளைச் சேமிக்க மேல் கியருக்குத் தாவி, இருக்கும் கொஞ்சத்தையும் கைவிட்டுவிடும். நான் அன்று 'டி'யில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரிய டிஸ்க் வாங்கலாமா என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது, முன்சக்கரங்கள் முக்கால் பங்கு வேலையைச் செய்வதாகக் கொண்டால், ஏறத்தாழ 90 டிகிரி சூடேறும். டிஸ்க் 7 கிலோ என்றால் அந்த ஏற்றம் 65 டிகிரிக்கும் குறைவு. கார்ப் பந்தயத் தடத்தில் நேர்கோட்டின் இறுதியில் ஒரே மூச்சில் பிடித்து, அடுத்த நேர்கோட்டில் ஆறவிடும் ஓட்டத்துக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் ஒன்றரை மணி நேரம் விட்டு விட்டுத் தொடரும் மலையிறக்கத்தில், பெரிய டிஸ்க் அதே வெப்பநிலையைச் சற்றுத் தாமதமாக எட்டும். எட்டியபின் ஆறுவது காற்றோட்டத்தையும் பரப்பையும் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வளைவுக்கு வளைவு ஊர்ந்து இறங்கும் வண்டியின் சக்கரத்துக்குள் அந்தக் காற்றோட்டம் மிகக் குறைவு. மலைக்காகப் பெரிய டிஸ்க் வாங்குகிறவர், தான் எதை வாங்குகிறார் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில்: மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய மாற்றம்

கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஹோஸ் வழியாகவும் டப்பாவின் மூடி வழியாகவும் அது ஆண்டு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தரவிதிகள் இதை அறிந்தே இரண்டு கொதிநிலைகளைக் கேட்கின்றன: புதிய ஆயிலுக்கு ஒன்று, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த ஆயிலுக்கு மற்றொன்று. டாட் என்ற தர வகைகளில், டாட் 3 ஆயிலுக்கு அவை குறைந்தபட்சம் 205, 140 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230, 155, டாட் 5.1க்கு 260, 180. புதிய டாட் 4க்கும் ஈரம் ஏறிய டாட் 4க்கும் இடையே 75 டிகிரி இருப்பதைக் கவனிக்க வேண்டும். டாட் 3லிருந்து டாட் 5.1க்குத் தாவினால்கூடப் புதிய நிலையில் கிடைக்கும் லாபம் 55 டிகிரிதான். பழைய ஆயிலை வெறுமனே புதிதாக்குவதே உயர் ரகத்துக்குத் தாவுவதைவிட அதிகம் தரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரக்காற்றில் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டு என்ற வழக்கமான கெடுவை நீட்டவே கூடாது என்பது என் கருத்து.

டாட் 5 என்பது டாட் 5.1 அல்ல. முன்னது சிலிக்கோன் அடிப்படையிலானது. மற்றவற்றோடு கலக்கக் கூடாதது. ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஏற்றதல்ல. பந்தயத்துக்கென விற்கும் ஆயில்களில் சில, புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும்; ஆனால் அவற்றை சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் ஒழுக்கம் வேண்டும், அன்றாட வண்டிக்கு அது பொருந்தாது. ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பியும் உள்ள வண்டிகளில் பாகுத்தன்மை குறைந்த டாட் 4 நல்லது. ஃபோக்ஸ்வாகனின் 501 14 என்ற தரம் அதைத்தான் கேட்கிறது. செலவு, கூலியையும் சேர்த்து, மற்ற எந்த வழியோடும் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

ஆயில் மாற்றும்போதே காலிப்பர் நகர்ந்து இயங்க உதவும் கைடு பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் இட்டு, தூசி உறைகளைப் பார்த்து, பின்சக்கர வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். என் வண்டியில் இடது முன்சக்கரத்தின் கீழ் பின் துருவேறி இறுகியிருந்தது. பேட் முழுமையாக விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இறக்கம் முழுவதும் அந்த ஒரு சக்கரம் மட்டும் கூடுதலாகச் சூடேறியதற்கு அதுவே காரணம். அந்தப் பக்கத்து உள் பேட் வெளி பேட்டைவிட 3 மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்திருந்தது. சக்தி கூட்டிய வண்டி என்பதால் பெரிய காலிப்பர் தேவை என்று நினைத்த இடத்தில், இருக்கும் காலிப்பரே முழுமையாக இயங்கவில்லை.

பேட்

பேட்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. முதல் எழுத்து இயல்பான வெப்பநிலையிலும், இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வுக் கெழுவைக் குறிக்கிறது: 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப்இ' என்ற பேட் சூட்டில் பிடிப்பைக் கொஞ்சம் இழக்கிறது. 'எஃப்எஃப்' நிலையாக நிற்கிறது. ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் இடைவெளி அகலம் என்பதால் இது முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஆனாலும் பெட்டியின் மீதுள்ள விளம்பர வாசகத்தைவிட இது நம்பத்தக்கது.

சாலைக்கான செராமிக் பேட் அமைதியானது, தூசி குறைவானது. செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும், கொஞ்சம் கீச்சிடும், டிஸ்க்கை விரைவாகத் தேய்க்கும். பந்தயப் பேட் சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது. மார்கழிக் காலையில் குன்னூர் மழையில் முதல் வளைவிலேயே பிடிக்க வேண்டிய வண்டிக்கு அதைப் போடுவது ஆபத்து. செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ ஆண்டில் ஓரிரு நாள் ஓட்டுகிறவர்கள், அந்த நாளுக்கு மட்டும் தனி பேட் மாட்டிக்கொண்டு போய், திரும்பும்போது பழையதை மாட்டுவதே நல்லது. அன்றாடமும் மலையும் என்ற என் பயன்பாட்டுக்கு, சூட்டில் நிலையாக நிற்கும் சாலை பேட்தான் ஏற்றது என்று முடிவு செய்தேன்.

புதுப் பேட்டை மாட்டிய அன்றே மலைக்குப் போகக் கூடாது. புதிய பேட்டிலுள்ள பிசின் முதல் முறை சூடேறும்போது வாயுவை வெளிவிடும்; அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலமாக நின்று பிடிப்பைக் குறைக்கும். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் எட்டு பத்து முறை குறைத்து, இடையில் முழுவதும் நிறுத்தாமல், பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டால், பேட்டின் மெல்லிய படிவு டிஸ்க்கில் சீராகப் பதியும். சூடான நிலையில் காலை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் படிவு தடித்துவிடும். பின்னாளில் ஸ்டியரிங் நடுங்கும்போது 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தத் தடிப்பு வேறுபாடுதான்.

பெரிய டிஸ்க், பல பிஸ்டன் காலிப்பர்

பிரேக்கின் முறுக்குவிசை, பேட் டிஸ்க்கை அழுத்தும் விசையையும், மையத்திலிருந்து பேட்டின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தையும் பொறுத்தது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 256 மில்லிமீட்டர் டிஸ்க்கிலிருந்து 288 மில்லிமீட்டருக்குப் போனால், அந்தத் தூரம் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் பொருந்தும் பேட்டும் கூடவே மாற வேண்டும். 288 டிஸ்க்குக்கு 15 அங்குல ரிம் அவசியம்; ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடையே இடம் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே அட்டையில் வெட்டிய அச்சு கொண்டு பார்த்துவிட வேண்டும். ஒரே குழுமத்தின் கனமான வண்டிக்கென வடிவமைத்த பாகங்களை எடுப்பதால், உதிரி பேட்டும் டிஸ்க்கும் எளிதில் கிடைக்கும் என்பது இந்த வழியின் பெரிய நன்மை.

நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பற்றி நிலவும் தவறான எண்ணத்தை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். மிதக்கும் காலிப்பரில் உள்ள ஒற்றைப் பிஸ்டன் ஒரு பக்கம் தள்ள, எதிர்வினையால் காலிப்பரின் உடல் மறுபக்கத்தை இழுக்கிறது. ஆகவே அழுத்தும் விசையைக் கணக்கிட ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பை மட்டும் எடுத்தால் போதும். 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு 2,290 சதுர மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் நான்கு கொண்ட நிலையான காலிப்பரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு; அவற்றின் பரப்பு 2,268. அதாவது நான்கு பிஸ்டன் போட்டும் அழுத்தும் விசை அணுவளவும் கூடவில்லை. கூடுவது வேறு: காலிப்பர் விறைப்பாக இருப்பதால் பெடல் உணர்வு துல்லியமாகிறது, பேட் சீராகத் தேய்கிறது, அலுமினிய உடலால் எடை குறைகிறது. இவை மதிக்கத்தக்க நன்மைகள்தான். ஆனால் பலர் நினைத்து வாங்கும் நன்மை இதுவல்ல.

42 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் கொண்ட காலிப்பர் என்றால் பரப்பு 2,771 ஆகி விசை 21 விழுக்காடு கூடும். அப்போது, பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் அதே மாஸ்டர் சிலிண்டர் அதற்கேற்ப அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் பெடல் நீளும். அதைச் சரிசெய்ய 20.6 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டரை 22.2 ஆக்கினால் பெடல் குறுகும், ஆனால் காலின் விசை 16 விழுக்காடு கூட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது. அதோடு முன்சக்கரத்தின் பங்கு மட்டும் கூடினால் முன்சக்கரம் முன்கூட்டியே பூட்ட முயலும், ஏபிஎஸ் முன்கூட்டியே குறுக்கிடும், பின்சக்கரங்கள் செய்யக்கூடிய வேலை செய்யப்படாமலேயே நிற்கும்; நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் நீளவும் கூடும்.

ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். உலர்ந்த சாலையில் நினைத்த மாத்திரத்தில் ஏபிஎஸ்ஸை இயங்கவைக்க முடிகிறது என்றால், இருக்கும் பிரேக்கே டயரின் பிடிப்பைவிட வலுவானது என்று பொருள். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 0.8 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) பிடிப்புள்ள டயரில் 31.5 மீட்டரில் நிற்கும் வண்டி, 0.9 ஜி தரும் டயரில் 28 மீட்டரில் நிற்கும். லட்ச ரூபாயைத் தாண்டும் பெயர்பெற்ற காலிப்பர் செட் எதனாலும் அந்த மூன்றரை மீட்டரைத் தர இயலாது. ஆறு ஆண்டு பழகிக் கல்லாகிப்போன டயரில் ஓடிக்கொண்டே சிவப்புக் காலிப்பரைத் தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

துளையிட்ட டிஸ்க் சாலை வண்டிக்குத் தேவையற்றது. துளைகளின் விளிம்பில் வெப்ப விரிசல் தொடங்கும். கீறலிட்ட டிஸ்க்கில் அந்தச் சிக்கல் குறைவு, நன்மையும் சாலையில் குறைவு. ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலை உறுதியாக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பியிருந்தால் புதிய ரப்பர் ஹோஸும் ஏறத்தாழ அதே பலனைத் தரும்.

பின்சக்கர டிரம்மை டிஸ்க்காக்குவது

இந்த வழிக்கு நான் எதிரானவன். முன் எஞ்சின், முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய காரில் நிற்கும்போதே எடையில் ஏறத்தாழ 62 விழுக்காடு முன்பக்கம் இருக்கிறது. ஈர்ப்பு மையம் 0.55 மீட்டர் உயரத்திலும், சக்கரங்களுக்கு இடையேயான நீளம் 2.5 மீட்டராகவும் இருந்தால், 0.8 ஜியில் பிரேக் பிடிக்கும்போது மேலும் 17 விழுக்காட்டுக்கு மேல் முன்னால் சாய்கிறது. ஐந்தில் நான்கு பங்கு எடை முன்சக்கரத்தில். மீதி ஒரு பங்கைச் சுமக்கும் பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுத்தால் அது எளிதில் பூட்டிக்கொள்ளும்; முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேரே போகும், பின்சக்கரம் பூட்டினால் வண்டி திரும்பிவிடும். டிரம்மில் முன்னோக்கி அமைந்த ஷூ (உராய்வுப் பட்டை) சுழற்சியால் தானே இழுத்துப் பற்றும் இயல்புடையது என்பதால், தொழிற்சாலையின் விசைப்பங்கீடும் ஏபிஎஸ் அமைப்பும் அந்த இயல்பைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டவை. டிஸ்க்குக்கு மாறும்போது அந்தக் கணக்கு முழுவதும் கலைகிறது. ஹேண்ட் பிரேக் கேபிள், சக்கர வேக சென்சார், ஹப் என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டிவரும். சரிவில் நிறுத்திய வண்டியைப் பிடித்துவைப்பதில் டிரம் இன்றும் சிறந்தது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பேட்டையோ ஆயிலையோ மாற்றுவது பராமரிப்பு. பிரேக் அமைப்பையே மாற்றுவது அப்படியல்ல. விபத்துக்குப்பின் காப்பீட்டு நிறுவனம் இந்த வேறுபாட்டைக் கேட்கக்கூடும் என்பதால், பெரிய மாற்றம் செய்ய நினைப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றியபின் வரும் பழுதுகள்

என் நண்பர் ஒருவர் தன் வண்டிக்குப் பெரிய காலிப்பர் போட்டார். ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற மூன்று முறை ஏர் எடுத்தும் பெடல் மென்மையாகவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று ஒர்க்ஷாப்பில் சொல்லி அதையும் மாற்றவைத்தார்கள். பிறகும் மாற்றமில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது. இடது காலிப்பர் வலதிலும், வலது இடதிலும் மாட்டப்பட்டிருந்தன. காற்று மேலே தங்கும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் ஆயில்தான் வரும். காலிப்பரைக் கழற்றிய வண்டி எதிலும் மென்மையான பெடல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நிப்பிள் சரியாக மேலே இருந்தும் பெடல் மென்மையாக இருந்தால், ஏபிஎஸ் மாடுலுக்குள் காற்று சிக்கியிருக்கலாம். ஸ்கேனர் மூலம் அதன் பம்பை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். எஞ்சின் ஓடும்போது காலைச் சீராக அழுத்தி வைத்திருக்கையில் பெடல் மெதுவாக இறங்கி, வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உட்புற ரப்பர் தேய்ந்திருக்கிறது. வளைவுகளில் ஓட்டிய பிறகு முதல் அழுத்தம் மட்டும் நீண்டு, இரண்டாவது அழுத்தத்தில் சரியானால், வீல் பேரிங் ஆட்டமோ டிஸ்க்கின் தள்ளாட்டமோ பேட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பூஸ்டரைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை அழுத்தினால் அது விறைக்கும். காலை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிடம் வரவில்லை. இன்டேக் குழாய்களைக் கழற்றி மாற்றிய டர்போ வண்டிகளில் ஒருவழி வால்வு தலைகீழாகவோ தளர்ந்தோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஸ்டியரிங் நடுங்கினால் உடனே டிஸ்க்கை லேத்துக்கு அனுப்ப வேண்டாம். ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, டிஸ்க்கை மீண்டும் பொருத்தி, டயல் கேஜில் தள்ளாட்டத்தை அளக்க வேண்டும், 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் முடுக்காமல் ஏர் கன்னால் ஒரே மூச்சில் முடுக்குவதும் இந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம். டர்னிங் போட்டே ஆக வேண்டுமென்றால், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இறுகிய கைடு பின்னையும், உட்புறம் உப்பி அடைத்துக்கொண்ட ஹோஸையும் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்கியதும் நான்கு ரிம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், எந்தப் பக்கம் அனல் அதிகம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நான் எடுத்த முடிவு

புதிய டாட் 4 ஆயில், கைடு பின் பராமரிப்பு, 'எஃப்எஃப்' பேட், புதிய ரப்பர் ஹோஸ், நான்கு புதிய டயர். காலிப்பர் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவில் பெரும்பகுதி டயருக்கே போனது. மாற்றிய பிறகு அதே சாலையில், அதே சுமையோடு, டிஎஸ்ஜியை மேனுவலில் இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டு, பிரேக்கை நீளத் தேய்க்காமல் வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை அழுத்தி விடுவித்து இறங்கினேன். மேட்டுப்பாளையம் வரை பெடல் அதே உயரத்தில் நின்றது; வாடை வரவில்லை; நான்கு சக்கரங்களிலும் அனல் பக்கத்துக்குப் பக்கம் ஒத்திருந்தது.

288 டிஸ்க்கை நான் நிராகரித்துவிடவில்லை. செட்டிபாளையத்தில் தொடர்ந்து ஓட்டத் தொடங்கினால் அது எனக்குத் தேவைப்படும். அங்கே அதன் எடை தரும் நன்மை உண்மையானது. இப்போதுள்ள டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனை எட்ட இன்னும் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. அது தேய்ந்து முடியும் நாளில், தடத்தில் எத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன் என்று பார்த்து, காப்பீட்டு நிறுவனத்தின் பதிலையும் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்வேன்.